கொயினா கம்பவுண்டர் என்னைப் பார்த்துச் சிரித்த அன்று

கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிற காய்ச்சல், கொயினா கம்பவுண்டரின் முகத்தைக் கண்டால் பாதி வழியிலேயே மலைக்குத் திரும்பிவிடும் என்று சேந்தமங்கலத்தில் எல்லோரும் நம்பினோம். அப்படியும் திரும்பாத காய்ச்சலுக்குத்தான் அவர் மருந்து கொடுப்பார். கடைவீதி டிஸ்பென்சரியில் பதினெட்டு வருஷமாக அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மிக்சரைக் கலக்கியவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

சிரிக்க மாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், கோபமும் கிடையாது. நாம் கொண்டுபோகிற சீசாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருந்தை ஊற்றுவார். குடிக்க வேண்டிய அளவு தெரிய, வேளைக்கு ஒரு வெட்டாகக் காகிதப் பட்டையைக் கத்தரித்துச் சீசாவில் ஒட்டுவார். "மூணு வேளை. குலுக்கிக் குடிங்க. புளி ஆகாது" என்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு புளியை நினைக்க யாருக்கும் தோன்றாது.

அவர் வீட்டில் மூன்றாவது பிரசவம். மாமியார் வீட்டுச் சனம் புதுச்சத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. வாசலில் நின்ற மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பெண்கள் நாலு பேரும் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று, ஒப்பாரி ஓய்கிறவரை அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் சுகம். உள்ள வாங்க."

ஒருநாள் நானே கேட்டேன். "ஏனுங்க, மனசுல ஏதாச்சும் கவலையா?"

நன்றாக யோசித்தார். "கவலை ஒண்ணும் இல்லீங்க. உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருக்கறேன். அது மூஞ்சி வரைக்கும் வாரதில்லை."

நான் அவருக்கு நேர்மாறு. சப்ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். பாகம் பிரிக்க வந்து முறைத்துக்கொண்டு நிற்கிற அண்ணன் தம்பிகளைக்கூடச் சிரிக்கவைத்துத்தான் கையெழுத்து வாங்குவேன். என் வாய்க்குப் பயந்து இழவு வீட்டில் என்னைக் கோடியில் உட்காரவைப்பார்கள்.

இப்படி இருக்கையில் டிஸ்பென்சரியின் பழைய டாக்டர் ஓய்ந்துபோய், அவருடைய அக்கா மகன் மதராசில் படித்து முடித்து வந்து சேர்ந்தார். சின்ன வயசு, சிரித்த முகம். வந்த மாதமே கம்பவுண்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வர்றவங்க உங்க முகத்தைப் பார்த்தே பாதி செத்துடறாங்க. மிச்சப் பாதியோட பஸ் ஏறி நாமக்கல்லுக்குப் போறாங்க. இந்த ஒரு மாசம், யாருக்கு மருந்து கொடுத்தாலும் சிரிச்சுக் கொடுங்க. முடியலேன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்."

வீட்டில் மூன்று பெண்கள். வேறு வேலை தெரியாது. அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து நின்றார்.

"எனக்குச் சிரிக்கச் சொல்லிக் குடுங்க," என்றார், சீசாவைக் கேட்கிற அதே குரலில்.

என்னிடமிருந்த கதைகளிலேயே உயர்ந்த சரக்கை எடுத்தேன். தாசில்தாரின் தலைப்பாகைக்குள் தவளை புகுந்த கதை. அதைச் சொன்னால் ஆபீசில் குமாஸ்தாக்கள் மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். கம்பவுண்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்புறம் அந்தத் தவளை பொழைச்சுதுங்களா?" என்றார்.

கதையைக் கைவிட்டு உறுப்புகளுக்கு வந்தேன். கண்ணாடியை எதிரே பிடித்து, "உதட்ட விரிங்க. இன்னும் கொஞ்சம். பல்லு தெரியட்டும். அப்படியே நிறுத்துங்க," என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "இது சிரிப்புங்களா?"

"ஏறத்தாழ," என்றேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க உட்கார்ந்தவன் காட்டுகிற வாய் அது.

அடுத்த வாரம் புதுச்சத்திரத்துப் பெரியவர் ஒருவர், வெறும் இருமலுக்கு மருந்து வாங்கப் போனவர், சீசாவோடு நேராக என் கடைக்கு வந்துவிட்டார். "கம்பவுண்டரு என்னையப் பாத்துச் சிரிச்சுப்போட்டாருங்க. இனி எத்தன நாளோ. பசங்களுக்கு எழுதி வெச்சுப்போடலாமுங்க."

பதினெட்டு வருஷம் யாரைப் பார்த்தும் சிரிக்காதவர் நம்மைப் பார்த்துச் சிரித்தால், அது சாகப்போகிறவன்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். நான் எடுத்துச் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று உயில்களையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி எழுதினேன்.

கம்பவுண்டர்தான் ஒடுங்கிப்போனார். "நான் சிரிச்சா எம் புள்ளைங்களே ஊட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குதுங்க," என்றார். "வேலை போயிரும் போலத்தான் இருக்குது." அன்றுதான் அந்த முகத்தில் உண்மையான கவலையைப் பார்த்தேன். வித்தியாசம் அதிகமில்லை, ஆனாலும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் எனக்கே மலைக்காய்ச்சல் வந்தது. பட்டப்பகல், நல்ல வெயில். எனக்கோ குளிரில் பல் தாளம் போடுகிறது. கம்பளியைக் கொங்காடையாகத் தலையோடு மாட்டிக்கொண்டு, பத்தாததற்குக் குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சீசாவும் கையுமாக டிஸ்பென்சரிக்குப் போனேன்.

கம்பவுண்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரித்தார்.

உதடு விரியவில்லை. பல் தெரியவில்லை. கண்ணோரம் இரண்டும் சுருங்கி, முகம் முழுக்க மெல்ல இளகியது. நான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை அது. என் மாணவனின் கைவேலை எனக்குத் தெரியாதா? இது தானாக வந்தது. மனதிலிருந்து வந்தது. அப்படியென்றால் என் கதை முடிந்தது.

மருந்தை வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். ஊருக்கெல்லாம் எழுதியவன், இப்போது எனக்கு. 'முழு நினைவுடனும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும்' என்று தொடங்கியபோது கண்ணீர் விழுந்து மை கலைந்தது. இன்னொரு தாள் எடுத்தேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அழ ஆள் இல்லையே என்ற துக்கத்தில் அந்த வேலையையும் நானே செய்துகொண்டேன். சைக்கிள், பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த பொன்னக்காவுக்கு. ஏறத் தெரியாது, சாத்திவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். வேட்டி நான்கும் அவள் புருஷனுக்கு. மழைநாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற கம்பவுண்டருக்கு என் குடை.

உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். பொன்னக்காவைக் கூப்பிட்டுச் சங்கதியைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கம்பவுண்டர், டாக்டர் இருவரும் பின்னால் வந்தார்கள்.

கம்பவுண்டர் என் கட்டிலருகே வந்து நின்றார். "ஏனுங்க, சாதா மலைக்காச்சலுங்க. நாலு நாள் கொயினா குடிச்சா எந்திரிச்சுருவீங்க."

"அப்புறம் எதுக்குய்யா சிரிச்சீங்க?"

திருடி அகப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "வெயில்ல கொங்காடையும் போட்டு, கொடையும் புடிச்சுக்கிட்டு வந்தீங்க. உங்களப் பாத்ததும் உள்ள இருந்தது மூஞ்சி வரைக்கும் வந்துருச்சுங்க. மன்னிச்சுப்போடுங்க."

டாக்டர் கட்டிலில் கிடந்த உயிலை எடுத்துப் படித்தார். வேட்டி நான்கு என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

"நீங்க சிரிங்க சாமி, ஆரு வேண்டாங்கறா," என்றாள் பொன்னக்கா. "அவரச் சிரிக்கச் சொல்லாதீங்க. ஊரே உயிலு எழுதிக்கிட்டுக் கெடக்குது. அவரு உம்முன்னு சீசாவக் குடுத்தாத்தான் பொழைச்சுக்குவோம்னு எங்களுக்குத் தைரியம்."

"ஊரேவா? எத்தனை பேர்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"என்னையும் சேர்த்து நாலு."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பவுண்டர், நாளையிலேர்ந்து உங்க பழைய முகத்தோடயே வந்துடுங்க."

பழைய முகம் அங்கேயே, அப்போதே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கியது. கம்பவுண்டர் உயிலை வாங்கி, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் வரி விடாமல் படித்தார். "கொடை நல்ல கொடைங்க," என்று மடித்துக் கொடுத்தார். "இருக்கட்டும். அப்புறமா வாங்கிக்கறேன்."

பல வருஷம் கழித்து அவர் படுத்துவிட்டார் என்று சொல்லியனுப்பினார்கள். ஐப்பசி அடைமழை. அந்தக் குடையோடுதான் போனேன். துணி மூன்று தடவையும் கம்பி இரண்டு தடவையும் மாற்றியிருந்தேன். என்றாலும் அதே குடைதான். அவரைக் கட்டிலில் பார்த்ததும் என் முகம் விழுந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க பத்திரக்காரரே," என்றார் மெல்ல. "அப்படி மூஞ்சிய வெக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

அதனால் என் உயிலை ஒப்பிக்கத் தொடங்கினேன். முழு நினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும். பொன்னக்காவுக்குச் சைக்கிள். அவள் புருஷனுக்கு வேட்டி நான்கு. நடுநடுவே இல்லாத இருமலை இருமிக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் அப்படியே இருந்தது.

"முடிஞ்சுதுங்க," என்றேன்.

"கொடைய உட்டுட்டீங்களே," என்றார். "அது எனக்குங்க."

வரும்போது அதை அவர் கட்டில் காலில் மாட்டிவிட்டு, வீடு வரைக்கும் நனைந்துகொண்டே வந்தேன்.