ஒடீலுக்கு: கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது

கோடெட் கொட்டகை,
ஈஸ்ட் பெல்டன், வெர்மான்ட்.
மார்ச் 14

அன்புத் தங்கை ஒடீலுக்கு,

அண்ணன் லூசியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மரங்களும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்காலைப் பற்றி விசாரிக்காதே, அதற்குப் பதில் எழுத இந்தத் தாள் போதாது. அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளை வெண்டலும் வற்றிப்போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அப்பா ஆரம்பித்த கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது. சென்ற முறை தொலைபேசியில் நான் கதையை முதலிலிருந்து சொல்லப்போய், பாகு காய்ச்சும் கொட்டகை தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாய். அதனால்தான் இப்போது முடிவை முன்னால் வைத்தேன். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருத்தி நீ. நடந்தது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பக்கத்து மலைக்காரர் எல்வின் பிராட் இருக்கிறாரே, மேப்பிள் சாறு இறக்கும் நம் குழாய்களில் பாதிக்கு மேல் அவர் மரங்களில்தான் ஓடுகின்றன. பத்து வருடக் குத்தகை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. எல்வினுக்கு எண்பத்திரண்டு வயது. அவருக்கென்றால் கை குலுக்கினாலே போதும். ஆனால் இப்போது அவருடைய காகிதங்களையெல்லாம் வக்கீலாக இருக்கும் அண்ணன் மகள் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பெண் எனக்கு ஒரு கடிதம் போட்டாள். கம்பெனி ஒழுங்கான நிலையில் இருக்கிறது என்று மாநிலம் தரும் சான்றிதழைக் கொண்டுவந்தால் குத்தகை புதுப்பிக்கப்படும், இல்லாவிட்டால் வடக்கேயிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே கேட்டு வந்திருக்கிறார்கள் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தாள். எனக்கு வயது அறுபத்தெட்டு, ஒடீல். இந்த வயதில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள்!

சரி என்று மார்ச் ஆறாம் தேதி ஊர் அலுவலகத்துக்குப் போனேன். நம் ஊர்ப் பதிவாளர் மேவிஸ் டட்டில் அம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே அதைத் தேடுகிறவர். அவர் கணினியில் நம் கம்பெனிப் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"சான்றிதழ் கிடைக்கும் லூசியன். ஆனா இந்த வருஷ அறிக்கை இன்னும் வரலையே? பதினஞ்சாம் தேதிதான் கடைசி."

"என்ன அறிக்கை?"

"என்ன அறிக்கையா? ஆண்டறிக்கை. கம்பெனி இருக்குதா, யாரு தலைவர், யாரு செயலாளர், விலாசம் என்னன்னு வருஷா வருஷம் மாநிலத்துக்குச் சொல்லணுமே. சொல்லாம விட்டா ஒருநாள் கம்பெனிப் பேரையே எடுத்துருவாங்க."

"நான் ஒரு வருஷம்கூடச் சொன்னது இல்லையே மேவிஸ். அப்பா போனதுலேர்ந்து ஒரு காகிதமும் அனுப்பலை. அவங்களா நம்மள விட்டுவெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

மேவிஸ் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போன வருஷம் வந்திருக்கு. அதுக்கு முந்தின வருஷமும். எல்லா வருஷமும் வந்திருக்கு லூசியன். ஒருநாள்கூட லேட் இல்ல. அனுப்பினது கோரின் கோடெட்."

ஒடீல், கோரின்! என்னை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடமான கோரின்! மார்ச் மாதம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்து, எனக்கு ஒரு மனைவி இருப்பதே ஏப்ரலில்தான் நினைவுக்கு வரும் என்று நீதிபதி முன்னால் சொன்னாளே, அதே கோரின். இந்தப் பத்தொன்பது வருடமாக ஊர்க் கூட்டத்தில், தேவாலய வாசலில், கூட்டுறவுக் கடையில் எல்லாரிடமும் "நானும் தங்கச்சியும்தான் கம்பெனிய நடத்துறோம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரியுமோ.

மறுநாள் வெள்ளிக்கிழமை கோரின் வீட்டுக்குக் கிளம்பினேன். பதினோரு மைல். இந்த மாதம் நம் மண்சாலைகள் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது மைலில் வண்டி கதவுவரை சேற்றில் இறங்கிவிட்டது. ஒரு பால்பண்ணைக்காரன் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தான். எங்கே போறீங்க என்று கேட்டான். கோரின் வீட்டுக்கு என்றேன். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "நல்லது, நல்லது" என்று சொல்லிப் போனான். அவன் எந்த நல்லதை நினைத்தானோ தெரியாது.

கோரின் கதவைத் திறந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. பிப்ரவரியில் வாசல் பனியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது ஒடீல். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பூட்ஸைக் கழட்டு. கழட்டிட்டு அப்புறம் கத்து" என்றாள்.

"கத்த வரலை. இத்தனை வருஷமா யாரு உன்னை அறிக்கை அனுப்பச் சொன்னது?"

"உங்கப்பா. கம்பெனிக்கு வர்ற அரசாங்கக் கடுதாசிய வாங்க ஒரு செயலாளர் வேணும்னு என் பேரைத்தான் கொடுத்தாரு. ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்தவ, காகிதத்தைத் தொலைக்க மாட்டாள்னு. உன் பேரைக் கொடுக்கலாமான்னு கேட்டேன். அவரு சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அதுக்கப்புறம் நாமதான் பிரிஞ்சுட்டோமே!"

"நான் உன்னைத்தான் விவாகரத்து பண்ணேன் லூசியன், கம்பெனிய இல்ல. செயலாளர் வேலைய விடுன்னு நீயும் சொல்லல. கேட்டிருந்தா விட்டிருப்பேன்."

"அந்த வேலை உன்கிட்ட இருந்ததே எனக்குத் தெரியாதே!"

"அதான். உனக்கு எதுதான் தெரிஞ்சுச்சு?"

பட்டாணி சூப் கொடுத்தாள், குடித்தேன். அறிக்கையை உடனே அனுப்பலாம் என்றேன். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும், இன்றைக்கு முடியாது, திங்கட்கிழமை வா என்றாள். எனக்கும் மரங்களில் சாறு ஓடிக்கொண்டிருந்தது, திரும்பினேன். திரும்பும்போதும் அதே ஏழாவது மைல், அதே டிராக்டர்.

திங்கட்கிழமை கொப்பரையைப் பார்த்துக்கொள்ள எல்வினை உட்கார வைத்துவிட்டுப் போனேன். அது என் தப்பு. அவர் அடுப்பின் கதகதப்பில் தூங்கிவிட்டார். பாகு பதம் தாண்டி, கருகி, கொப்பரையின் அடியில் தார்ச்சாலை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அவரே வருத்தப்பட்டு அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறார். "குத்தகைக்காரர் எங்கே போயிருந்தார்?" என்று அவள் கேட்டாளாம். ஒழுங்கான நிலையில் இருக்கும் கம்பெனியின் லட்சணமா இது?

அதே நேரத்தில் நான் கோரின் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே நுழைய ரகசியச் சொல் வேண்டும் என்றாள். என்ன சொல் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். நான் கம்பெனியின் தலைவர், எனக்கு உரிமை உண்டு என்றேன். கடைசியில் முகம் சிவந்து சொன்னாள்: "லூசியன்மறப்பான்", பின்னால் நாங்கள் பிரிந்த வருடம். பத்தொன்பது வருடமாக மாநிலத்தின் கதவை என் பெயரைச் சொல்லித்தான் தட்டியிருக்கிறாள்!

பிறகு கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று ஒரு கேள்வி. நான் எழுந்து நின்று சொன்னேன். தாத்தா கியூபெக்கிலிருந்து ஒரு கோடரியோடு வந்தது, அப்பா வாளி போய்க் குழாய் வந்த காலத்தில் முதல் ஆளாய் மாறியது, நாற்பது வாளி சாறு ஒரு வாளி பாகாகச் சுண்டுவது, இரவு உறைந்து பகலில் இளகினால்தான் மரம் சுரக்கும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். கோரின் இடது ஆள்காட்டி விரலால் பத்து தட்டுத் தட்டினாள்.

"என்ன போட்டே?"

"மேப்பிள் பாகு."

"அவ்வளவுதானா?"

"அவங்களுக்கு அவ்வளவு போதும். மீதிய என்கிட்ட சொல்லு, கேக்குறேன்."

கேட்டாள், ஒடீல். கல்யாணமாகியிருந்த காலத்தில்கூட நான் அவளிடம் அத்தனை பேசியதில்லை என்று நினைக்கிறேன். அவளும் பேசினாள். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது என்றாள். மார்ச் மாதம் வந்தால் அந்த அறிக்கையை அனுப்ப உட்காரும்போது மட்டும் கொட்டகை வாசனை வருமாம். அறிக்கை முடியவில்லை. வியாழக்கிழமை வா என்றாள்.

வியாழன் என்பது நேற்று. நேற்று சிக்கல் உன்னால்தான் வந்தது. இயக்குநர் ஒடீலின் விலாசம் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறாள், கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

"எந்த விலாசத்துக்கு எழுதுவ?" என்று கேட்டாள்.

நான் சட்டைப்பையிலிருந்து உன் கிறிஸ்துமஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, மாவுக்கட்டுக் கையை மேசையில் இடித்துக்கொண்டு, வலியில் ஐயோ என்று கத்தியபடியே சிரித்தாள். கடைசியில் ஒரு பொத்தானைக் காட்டி, "தலைவர் நீதானே, நீயே அழுத்து" என்றாள். அழுத்தினேன். "முடிஞ்சுது" என்றாள். இரண்டு நாள் மிச்சம் வைத்து முடித்துவிட்டோம்! அவளே சான்றிதழையும் வாங்கி அச்சடித்துக் கொடுத்தாள். நேராக எல்வின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மகள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கருகிய பாகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். இன்னும் பத்து வருடம் மரங்கள் நமக்கே.

ஆகவே ஒடீல், உன் அண்ணன் அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாகத் தன் கையாலேயே ஓர் ஆண்டறிக்கையை, அதுவும் கெடுவுக்கு முன்னால், தாக்கல் செய்தான் என்று பெருமையோடு உனக்கு அறிவிக்கிறேன். இனிமேல் ஒவ்வொரு வருடமும் நானே செய்வதாக இருக்கிறேன். கோரினைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. செயலாளர் பொறுப்பிலிருந்து அவளை மரியாதையாக விடுவித்துவிடலாம் என்பது என் எண்ணம். இயக்குநர் என்ற முறையில் உன் சம்மதத்தை எழுதி அனுப்பு.

வெண்டலுக்கு என் அன்பைச் சொல். இந்த வருடத்து முதல் கொதியில் எடுத்த பாகு இரண்டு குப்பி தனியாக அனுப்புகிறேன். கருகியதற்கு முந்தியது, பயப்படாதே. கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல தண்ணீரும் நிழலும் தரட்டும்.

உன் அன்பு அண்ணன்,
லூசியன்

பி.கு.: உனக்கு ஒரு பிரதி வைக்கலாமென்று இப்போதுதான் கோரின் அச்சடித்துக் கொடுத்த அறிக்கையை எடுத்து முழுதாகப் படித்தேன். மேலே வலது மூலையில் தாக்கல் செய்த தேதி இருக்கிறது. மார்ச் 8, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நான் முதன்முதலில் போய் வந்த மறுநாள். திங்களும் வியாழனும் என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இடது கையால் அவள் என்னதான் தட்டினாளோ, நேற்று நான் அழுத்தியது எந்தப் பொத்தானோ, அவளுக்கே வெளிச்சம். சற்றுமுன் தொலைபேசியில் கூப்பிட்டாள். அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறதாம், வரும் வியாழக்கிழமை நான் வந்தாக வேண்டுமாம். ஒரு திருத்தமும் இல்லை, வரிக்கு வரி பார்த்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ சம்மதக் கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.