கத்தரிச் செடிக்குக் கான்கிரீட்

உலகம் தோன்றிய நாளிலிருந்து கத்தரிச் செடிக்கு அஸ்திவாரம் தோண்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். காரைக்காலில் நான் குடியிருந்த காலத்தில் அவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். இதில் நான் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அவர் ரசமட்டம். சுவர் சாயாமல் இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அந்தக் கருவியின் பெயர்தான் இவருக்கும். அரசாங்கத்தில் கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் குட்டி ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். டீக்கடை பெஞ்சில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே டீ குடிப்பார். ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் தொடங்குகிற நேரத்தில் மேடையேறிவிட்டார். "ஐயரே, மேடை கெழக்கால சாயுது. அடியில ஒரு அட்டையக் குடுத்து நிமுத்திட்டுக் கட்டச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த விழிப்பு வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

அவர் மனைவி செண்பகம் அக்கா சுரக்குடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தோசைக்கல்லுக்கும் தினமும் சோதனை உண்டு. "இது தோசக்கல்லுங்க, தளம் இல்ல" என்று அக்கா கரண்டியால் அவர் கையைத் தள்ளிவிடுவார்.

அக்காவுக்குக் கொல்லையில் நாலு காய் போட வேண்டும் என்று ஆசை. எங்கள் பக்கம் தாழ்வான இடம். ஐப்பசி மழை பிடித்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், எதை நட்டாலும் வேர் அழுகிவிடும். அவர்கள் மகள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்மூர்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பாரிஸ் பக்கத்தில் இருந்தாள். தன் வீட்டுப் பின்னால் பலகை அடித்து, மண் நிரப்பி, தக்காளி போட்டிருப்பதை அவள் வீடியோ எடுத்து அனுப்பினாள். வினை அப்படித்தான் வந்தது.

"இந்த மாதிரி மேட்டுப் பாத்தி போட்டா தண்ணி நிக்காதுங்க. நாலு பலகைய அடிச்சு மண்ணக் கொட்ட வேண்டியது. அவ்ளோதான்" என்றார் அக்கா.

அந்த 'அவ்ளோதான்' ரசமட்டத்தைச் சுட்டுவிட்டது. "பலகையா? இந்த உப்புக் காத்துல பலகை எத்தன நாளைக்கு நிக்கும்? நான் கட்டுறேன் பாரு" என்றார். பிறகு மதில் பக்கமாக வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கத்திரிச் செடி என்ன எடை இருக்கும்?"

"தெரியலையே சார். காக்கிலோ இருக்குமா?"

"காச்சா?"

"ரெண்டு கிலோன்னு வச்சுக்கங்க."

"பொயல் அடிச்சா?"

புயலடித்தால் கத்தரிச் செடியின் எடை கூடுமா குறையுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் போல. மறுநாள் இடுப்பளவு குழி தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, மொத்தம் ஒன்பது பாத்தி. கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, செங்கல் சுவர் எழுப்பி, அடியில் தளம் போட்டு, தண்ணீர் கசியாமல் இருக்க சிமென்ட்டில் பவுடர் கலந்து உள்ளும் வெளியும் பூசினார்கள். ஒவ்வொரு மூலையிலும் முழ நீளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் கோவிந்தன் தலையைச் சொறிந்தார்.

"சார், இந்தக் கம்பிய அறுத்துரவா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். பின்னால மாடி எடுக்கணும்னா?"

"எதுக்கு மேல சார்?"

"வெண்டக்காய்க்கு மேல" என்றார் ரசமட்டம், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

பிறகு சுவர்களுக்குச் சாக்குப் போர்த்தி வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றினார். கண்பட்டுவிடும் என்று, திருநள்ளாற்றுக் கடைத்தெருவில் ஒரு பூசணிக்காய் வாங்கி, அதில் மீசையோடு முகம் வரைந்து, ஒரு கம்பியில் கட்டினார். அந்தத் தோட்டத்தில் முதன்முதலாகத் தொங்கிய காய் அதுதான்.

அவர் கொல்லை சந்துப் பக்கம் வேலியில்லாமல் திறந்து கிடக்கும். ஒரு சனிக்கிழமை, திருநள்ளாறு போகிற வெளியூர் வேன் ஒன்று வழி தவறி அந்தச் சந்துக்குள் வந்தது. ஒன்பது மேடை, மூன்று வரிசை. இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு நவக்கிரகம் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் அம்மாள் எள் விளக்கை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சனீஸ்வரன் எந்த மேடைங்க?" என்று கேட்டார்.

ரசமட்டம் துளியும் சிரிக்காமல், "நீங்க நிக்கிறது பாவக்கா மேடைம்மா. சுத்துறது சுத்துங்க, செவுத்துல சாயாதீங்க. பூச்சு இன்னும் காயல" என்றார்.

செண்பகம் அக்கா அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் போன பிறகு இறங்கி வந்தார்.

"ஏங்க, மவ வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கா. நான்தான் உங்கள விட்டுட்டு எப்புடிப் போறதுன்னு கெடக்குறேன். இப்ப சொல்றேன் கேட்டுக்குங்க. பொங்கலுக்குள்ள இதுலேருந்து ஒரு கொழம்புக்குக் காய் வரணும். வரலேன்னா நான் அவகிட்டயே போயி இருந்துக்குறேன். நீங்க இந்தக் கட்டடத்தோட இருங்க."

அக்கா விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல. அன்று சாயங்காலம் ரசமட்டம் மதிலுக்கு வந்து, நான் ஒன்றும் கேட்காமலே, "போவ மாட்டா தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அவளாவது, போவுறதாவது" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அக்காவின் தம்பி சுரக்குடியிலிருந்து வண்டல் மண்ணும் தொழுவுரமும் டிராக்டரில் அனுப்பினார். ரசமட்டம் மண்ணைத் தளம் போல இழைத்து, நூல் பிடித்துக் கன்றுகளை நட்டார். காலையில் எழுந்தால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, செடிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பார். சாய்ந்தவற்றுக்குத் திட்டு விழும். அப்படியும் செடிகள் தளதளவென்று வந்தன, பூவும் பிடித்தது. பெரிய மனதுள்ள செடிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. நம்மூர் ஐப்பசி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடாமல் ஊற்றிய பிறகு ஒருநாள் காலையில், "தம்பி, ஓடியாங்க!" என்று குரல் கேட்டது. குடையோடு ஓடினேன். ஒன்பது பாத்தியிலும் விளிம்பு வரை தண்ணீர். செடிகள் மல்லாந்து மிதந்தன. ரசமட்டத்தின் முகத்திலோ அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தீங்களா? நாலு மூலையும் ஒரே அளவு. ஒரு சொட்டு கசியல!"

தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்காகக் கட்டிய பாத்தி. தேக்கி வைப்பதில் அதை மிஞ்ச எங்கள் ஜில்லாவில் ஒரு தொட்டி கிடையாது. தண்ணீர் வெளியே போக ஓர் ஓட்டை வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. எதிர்வீட்டு ஹனீபா பாய் மீன் வியாபாரி. எட்டிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! எறாக்குஞ்சு எப்ப சார் விடப் போறீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அக்காவும் வந்து பார்த்தார். உள்ளே போய், பரணிலிருந்து சூட்கேசை இறக்கி, ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் ரசமட்டத்தின் பூரிப்பு வடிந்துவிட்டது.

"சார், அடியில ஓட்ட போட்டுட்டா முடிஞ்சுது. கோவிந்தனக் கூப்புடட்டுமா?" என்றேன்.

"ஓட்டயா?" என்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, நான் கட்டுனது எதுவும் ஒழுவுனதுன்னு பேரு வாங்குனதில்ல. அதோடதான் ரிட்டயர் ஆனேன்." பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. கொல்லைப் பக்கம் 'டங், டங்' என்று சத்தம். ரசமட்டம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சேற்றில் குந்தி, உளியும் சுத்தியலுமாகத் தானே சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் முகம் சுருங்கியது. தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர் போல இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுக்களைக் கதவு திறந்தது. அக்கா குடையோடு வந்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ போடுங்க. அடித்தண்ணி நின்னா வேரு அழுவிடும்."

வாழ்நாளில் யார் சொன்னதையும் கேட்டு அளவை மாற்றாத மனிதர், உளியைக் கீழே இறக்கினார். ஒன்பது தொட்டித் தண்ணீரும் விடுதலையாகி நேராக என் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக் கோழிக்கூடு மிதந்தது. நான் அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை.

அக்கா மறுபடியும் விதை போட்டார். இந்த முறை வெண்டை மட்டும், சீக்கிரம் காய்க்குமென்று. மார்கழி முழுக்க ரசமட்டம் செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். தூக்குக்குண்டை எடுக்கவில்லை. கோணலாக நின்ற செடியைக்கூடக் கும்பிடாத குறையாகத் தடவிக்கொடுத்தார். சூட்கேஸ் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது.

போகிக்கு முதல் நாள் பறித்தார்கள். முறத்தின் ஒரு மூலைகூட நிறையவில்லை. ரசமட்டம் முறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் நின்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வெண்டைக்காயைக் கையால் கிளறிப் பார்த்தார். "ஒரு கொழம்புக்குக் காணாதே" என்றார்.

ரசமட்டம் தலை குனிந்தார்.

"புளிய கொஞ்சம் கூடக் கரைச்சு ஊத்துனா காணும்" என்று சொல்லி அக்கா முறத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தாளிக்கிற வாசனை வந்தபோது அக்கா போனில் மகளிடம் பேசுவது கேட்டது. "இப்ப வர முடியாதுடி. ஒங்கப்பா அடுத்து பொடலங்காய்க்குப் பந்தல் போடப் போறாராம். பக்கத்துல ஆளு இருந்து தடுக்காட்டி ரயில்வே ஸ்டேஷனக் கட்டி வச்சுருவாரு."

சொந்த வீட்டில் யாரோ ஊருக்குப் புறப்பட்டு, கடைசி நேரத்தில் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டதைப் போல எனக்கு அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.