யாரை யார் அடிப்பார் என்று அறிந்தவர்

அடிப்பவர், அடி வாங்குபவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? ஹாங்காங்கில் எங்கள் ஷாம் ஷுய் போ வட்டாரத்துத் தேநீர்க் கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள், அந்த நிம்மதி போய்விடும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர் யாரையும் அடித்ததில்லை. இவரை அடிக்கும் அளவுக்கு யாருக்கும் ஓய்வு கிடைத்ததில்லை. ஆனால் உலகத்தில் எந்த இருவர் மோதினாலும் யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார், தோற்றவருக்கு எந்தப் பல் போகும் என்பது வரை இவருக்குத் தெரியும். ஒருபோதும் மோதப்போகாத இருவரைப் பற்றி இன்னும் நன்றாகவே தெரியும்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொப்பை உண்டு, கேட்டால், மூச்சைச் சேமித்து வைத்திருக்கும் இடம் என்பார். ஒரு பேச்சையும் நேராகத் தொடங்கமாட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே எடைன்னு வச்சுக்குவோம். தரை வழுக்காதுன்னு வச்சுக்குவோம். கராத்தேக்காரன் காலையில சாப்பிடலைன்னு வச்சுக்குவோம்..." இப்படி அவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவதற்குள் நம் கோப்பையில் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிடும். கராத்தேக்காரன் ஏன் சாப்பிடவில்லை? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

எங்கள் பூன் வாய்-லம் இந்த இனத்தின் சிகரம். பிழைப்புக்குக் குளியலறை ஓடுகள் விற்கிறார். பிறவி எடுத்ததோ விங் சுன் என்ற குங்ஃபூ முறையின் பெருமை பேசுவதற்கு. பயின்றாரா? சின்ன வயதில் விங் சுன் பள்ளி ஒன்றுக்கு எதிரே குடியிருந்தார், அது போதாதா? தேநீர்க் கூடத்தில் இறால் கொழுக்கட்டையை விங் சுன் என்பார், கோழிக்காலைத் தாய்லாந்து உதைச் சண்டை என்பார், பக்கத்து நாற்காலிக்காரர் வாங்கிவைத்த பன்றி இறைச்சி ரொட்டியைச் சுமோ என்பார். குச்சிகளால் மூன்றையும் மோதவிட்டு, தோற்றதைத் தின்றுவிடுவார். தோற்பது எப்போதும் அடுத்தவர் வாங்கிய பண்டமாகவே இருப்பது இந்தச் சாஸ்திரத்தின் தீராத புதிர்.

ஒருமுறை தொலைக்காட்சியில் ஒரு விங் சுன் குருவைக் குத்துச்சண்டைக்காரப் பையன் ஒருவன் பெஞ்சு துடைக்கும் துணிபோல மடித்துப் போட்டுவிட்டான். இன்றைக்காவது மனிதர் வாயைத் திறக்கமாட்டார் என்று நாங்கள் ஆசையோடு போனோம்.

"நெஜமான குரு காமிரா முன்னாடி வரவே மாட்டாருப்பா," என்றார் பூன்.

"வந்தாரே?"

"வந்துட்டாருல்ல? அப்புறம் எப்படி நெஜமான குரு?"

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள், சியூ-கிங். அவள் போயும் போயும் ஒரு ஜூடோ ஆசிரியனைக் காதலித்தாள். பையன் பெயர் லோக்-தின், தங்கமான பிள்ளை. பூனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "ஜூடோ அடுத்தவன் சட்டைக் காலரை நம்பிப் பிழைக்கிற கலை. எதிராளி சட்டை போடாம வந்துட்டா மாப்ள என்ன பண்ணுவார்?" என்று ஆறு மாதம் புலம்பினார். மகள் அசையவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணக் காலையில் எங்கள் ஊரில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை தோழர்களோடு பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணின் தோழிகள் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, பாடு என்பார்கள், தண்டால் எடு என்பார்கள், பாகற்காயைக் கடி என்பார்கள். எல்லாம் முடிந்தால் கதவு திறக்கும். இதில் பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு வேலைதான்: புதுக் கோட்டு போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவது.

அன்றைக்கு இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பஞ்சாங்கம் பார்த்து, ஒன்பது மணிக்குள் பெண் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "அதுக்கப்புறம் கெளம்பின மருமக கையால நான் டீ குடிக்கமாட்டேன்" என்பது அவர் வாக்கு. மாமியார் டீ குடிக்கவில்லை என்றால் மருமகளாக ஏற்கவில்லை என்று பொருள். அந்த அம்மாள் சொன்ன சொல்லை மாற்றி எந்த மனிதரும் பார்த்ததில்லை.

ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தோழிகள் மனமிரங்கிக் கதவைத் திறந்தார்கள். அப்போதுதான் பூன் மாப்பிள்ளையின் தோழர்களைப் பார்த்தார். ஒருவன் குத்துச்சண்டை, ஒருவன் கராத்தே, ஒருவன் தாய்லாந்து உதை. மூவரும் லோக்-தின் வேலை பார்க்கும் பயிற்சிக் கூடத்துப் பையன்கள். ஜூடோவையும் சேர்த்து நான்கு கலைகள், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பதினேழாவது மாடியில், அவருடைய சொந்த நடைபாதையில் வரிசையாக நின்றன! வாழ்நாளெல்லாம் கொழுக்கட்டையை மோதவிட்ட மனிதர், பாவம், என்ன செய்வார்? சோபாவை விட்டு எழுந்து போய் வாசலை அடைத்து நின்றார். முழங்காலை உள்ளே மடித்தார். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே நீட்டினார்.

"மாப்ள, ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாமா."

"நான் விங் சுன். இது குறுகலான வாசல். நீ எப்படி உள்ள வருவ?"

"செருப்பைக் கழட்டிட்டு வருவேன் மாமா."

"வெளையாடாத. சண்டையைக் கேக்குறேன்."

"மாமா, மணி ஆகுது..."

"மணி சண்டைக்கு நடுவுலயும் ஆகும்!"

இதை இதோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த வியாதி ஒட்டுவாரொட்டி. "ஒரே குத்துல முடிச்சிரலாம்," என்று முணுமுணுத்தான் குத்துச்சண்டைக்காரன். "தோளைத் திருப்ப எடமே இல்ல, எங்கேருந்து குத்துவ?" என்றான் கராத்தே. "முழங்கை எதுக்கு இருக்கு?" என்றான் தாய்லாந்து. எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடியே வெளியே வந்து, "இந்த வாசலுக்குச் சுமோதாம்பா சரி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே, சிவப்புப் பட்டும் தங்க வளையல்களுமாக நின்ற சியூ-கிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, அவங்க டீ குடிக்கமாட்டாங்கம்மா. அப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

"அப்பா! நான் ஜன்னல் வழியா குதிக்கவா?"

"குதிச்சா உருளத் தெரியணும்மா," என்றார் பூன், திரும்பாமலே. "அது ஜூடோவுல உண்டு. அதை மட்டும் நான் ஒத்துக்கறேன்."

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு பையன்களில் எவன் தும்மினாலும் பூன் சமையலறை வரை பறந்திருப்பார். ஆனால் பெண்ணைப் பெற்றவர் மேல் எவன் கை வைப்பது? வைத்தால் அப்புறம் கல்யாணம் ஏது? ஆகவே நால்வரும் விரலைக்கூட நீட்டாமல், வியர்த்து, நெளிந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் என்ற கலைக்கு மாற்று எந்தப் பள்ளியிலும் கற்றுத்தரப்படவில்லை. பூன் அதை விங் சுன் என்று எண்ணிக்கொண்டார். முகத்தில் அப்படி ஓர் ஒளி! அந்த ஒளியில் நடைபாதை விளக்கு மங்கிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பாத்தியா? நாலு பேராலயும் முடியல!"

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை ஏறக்குறையத் தொட்டுவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து குவாய் அக்கா வந்தாள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போய், வழியெல்லாம் வாழ்த்துப் பாடி, தலைக்குமேல் சிவப்புக் குடை பிடிப்பதற்காகக் கூலிக்கு அமர்த்திய பெண்மணி. உயரம் பூனின் தோளுக்கு வரும். ஒரு கையில் சியூ-கிங், மறு கையில் மூடிய குடை.

"தள்ளுங்க சார்."

"அக்கா, நீங்க எந்த முறை?" என்று அவள் பக்கம் திரும்பி நின்றார் பூன்.

"எனக்கு இன்னிக்கு இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்கு," என்றாள் குவாய் அக்கா. குடையை அவருடைய கோட்டுப் பொத்தானுக்கு நேரே நீட்டி, விசையை அழுத்தினாள்.

படீர்!

குறுகலான வாசல், அகலமான குடை. பூன் பின்னோக்கிப் பாய்ந்தார். மாப்பிள்ளை ஒதுங்கிக்கொண்டான், ஜூடோவில் முதல் பாடமே அதுதானாம். பூன் போய்க் குத்துச்சண்டை மேல் விழ, குத்துச்சண்டை கராத்தே மேல் விழ, கராத்தே தாய்லாந்து மேல் சாய, உலகத்துக் கலைகளெல்லாம் செருப்புக் குவியலில் ஒன்றாயின. "பொண்ணு படி தாண்டுது, பொன்னும் மணியும் கூட வருது!" என்று ராகம் தப்பாமல் பாடிக்கொண்டே குவாய் அக்கா பெண்ணை அவர்கள் மீதாக நடத்திக்கொண்டு போனாள். மின்தூக்கிக் கதவு மூடியபோது ஒன்பது அடித்தது.

மாப்பிள்ளை வீட்டில் மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சியூ-கிங் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

சாயங்கால விருந்தில் பூன் முதுகில் மருந்துப் பட்டையோடு உட்கார்ந்து, சிவப்புக் குடைச் சண்டை மிங் மன்னர்கள் காலத்துக்கும் முந்தைய ரகசியக் கலை என்று ஒரு மேசை முழுவதற்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மேசையே வாய் பிளந்து கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், பூன் வாசலை மறித்து நின்றாரே, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அந்தப் பெண்ணின் கண்ணீருக்காகத் தவித்தீர்களா? அல்லது, 'தாய்லாந்துக்காரன் காலுக்கு ஒன்று விட்டிருக்கலாமே, ஜூடோக்காரன் குனிந்து கைக்கு அடியில் புகுந்திருக்கலாமே' என்று கணக்குப் போட்டீர்களா? போதாததற்கு, உங்கள் ஊர்ச் சிலம்பக்காரர் ஒருவரைக் கம்போடு அழைத்துவந்து, சத்தமில்லாமல் அந்த வரிசையில் நிறுத்தியும் பார்த்தீர்கள்தானே?

அந்த நடைபாதையில் கம்பு சுழற்ற இடம் கிடையாது.

என்ன, முகம் சுருங்குகிறது?