கடைசி வரிக்கு எதிரொலி

பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டும். திருப்பதியில் நிருபராக இருந்த காலமெல்லாம் நானும் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தப்புக்கு மட்டும் மறுத்துவிட்டேன். இப்போதும் மறுக்கிறேன்.

லீவு நாட்களில் புத்தூர் முனிரத்தினமும் நானும் ஒரே கல்யாணக் கச்சேரிக் குழு. அவன் கீபோர்டு, நான் பாட்டு (நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தது). சில வருஷங்களுக்கு முன் அவன் இறந்துபோனான். கருமாதியன்று அவன் மெட்டில் ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும் என்று அவன் மனைவி கோவிந்தம்மா ஆசைப்பட்டாள். முனிரத்தினத்தின் அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தம்பியின் தொழிலைக் கடைசிவரை வெளியில் சொல்லாதவர்.

"கருமாதில கச்சேரிப் பாட்டு இன்னாத்துக்கு? நாலு பேர் சிரிக்கறதுக்கா?"

"அதுலதான் எங்களுக்குச் சோறு போட்டாரு மாமா" என்றாள் கோவிந்தம்மா. பிறகு என்னிடம், "நீ பாடிப் பதிஞ்சிக்கினு வாண்ணா. யாரு சிரிக்கறாங்கன்னு நான் பாக்கறேன்."

ஒருவரும் சிரிக்காதபடி பாடுவது என்று நானும் சபதம் போட்டேன்.

திருப்பதி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளருக்குத் தமிழ் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

"லாஸ்ட் லைன் சாலா பாகுந்தி சார். எக்கோ பெட்டானு" என்றார். (கடைசி வரி பிரமாதமாம். எதிரொலி சேர்த்திருக்கிறாராம்.) எந்த வரி என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன்.

கருமாதிப் பந்தலில் பாட்டு நன்றாகவே போனது. அண்ணன்கூடத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். இசை அடங்கியது. அப்புறம் என் குரல்:

"மணமக்கள் பல்லாண்டு வாழ்க... வாழ்க... வாழ்க... பந்தி தயாராக உள்ளது. அனைவரும் சாப்பிட்டுச் செல்லவும்... செல்லவும்..."

கல்யாணங்களில் கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் சொல்லும் அறிவிப்பு அது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லியிருக்கிறது.

பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் நடந்தார்கள். சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை என்று சமையற்காரர் வழிமறித்தார்.

"இத்த மொதல்ல அழி" என்றார் அண்ணன். "வேற பாடிக்கினு வா."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கோவிந்தம்மா சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை.

"அவரு இருந்தா கீபோர்டு மேலயே விழுந்து சிரிச்சிருப்பாரு. ஒரு எழுத்து மாத்தக்கூடாதுண்ணா."

"மாத்த மாட்டேன்" என்றேன், அண்ணனைப் பார்த்தே. ஒரு தலைமையாசிரியரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு வருஷமும் அவன் திதியன்று கோவிந்தம்மா அந்தப் பாட்டை முழுசாகப் போடுகிறாள். முடிந்தால்தான் சோறு. யாராவது அவசரப்பட்டால், "இருங்க மாமா, பந்திக்கு இன்னும் கூப்பிடல" என்று கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். அண்ணன் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசி வரிக்காக ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார்.