அருந்ததி தெரியாத மூன்று துர்பீன்கள்

பவானிபூர், கல்கத்தா
சௌமிய வருஷம், வைகாசி 9

சிரஞ்சீவி மைத்துனன் வெங்கடசுப்ரமணியனுக்கு உன் அத்திம்பேர் பட்டாபிராமன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா சாவித்ரியும் க்ஷேமம் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். அவ்விடத்து க்ஷேமத்துக்கு நீ பதில் எழுதவேண்டாம். போன மாதம் நீ எழுதிய ஒரு பதிலால் நான் அடைந்த க்ஷேமமே இந்த ஜன்மத்துக்குப் போதும்.

கார்டன் ரீச்சில் எங்கள் கப்பல் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுவது உனக்குத் தெரியும். ஹெட் குமாஸ்தா நாற்காலி இரண்டு தடவை என் பக்கம் வரைக்கும் வந்து என்னைத் தாண்டிப் போயிற்று. சித்திரை மாதம் துரை என்னைக் கூப்பிட்டு, அஸ்தமனத்துக்கு அப்புறம் ஆற்றில் வருகிற ஸ்டீமர் எது என்று ஜெட்டியிலிருந்தே கண்டு சொல்ல ஒரு நல்ல துர்பீன் வேண்டும், நீயே தேர்ந்தெடு, அதில் பார்த்து ஸ்டீமரின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நாற்காலி உனக்கு என்றான். துர்பீன் என்றால் இரண்டு கண்ணாலும் பார்க்கிற தூரதிருஷ்டிக் கண்ணாடி. நீ சென்னைப்பட்டணத்துத் துறைமுகத்தில் இருக்கிறாயே, விஷயம் தெரிந்தவன் என்று நம்பி உன்னைக் கேட்டேன். நீ என்ன எழுதினாய்? "மடங்கு எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு உசத்தி அத்திம்பேர், கண்ணை மூடிண்டு வாங்குங்கோ" என்று எழுதினாய். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். திறந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

தர்மதல்லாக் கடைக்காரன், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லி, பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற துர்பீன் ஒன்றைக் கொடுத்தான். கடை வாசலில் நின்று பார்த்தேன். எதிர் வீட்டு மாடியில் உலர்ந்த புடவையில் எத்தனை ஒட்டு என்று எண்ண முடிந்தது. சரி, அஸ்தமனத்துக்கு அப்புறம் எதைப் பார்த்துப் பரீட்சை செய்வது? ஸ்டீமர் நான் நினைத்த நேரத்துக்கு வராது. அருந்ததி வருவாள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை ஒட்டிக்கொண்டு மங்கலாக இருக்கிற நட்சத்திரம், என் கல்யாணத்தில் நான் விரல் நீட்டிக் காட்டி உன் அக்கா பார்த்தது. அது தெரிந்தால் ஸ்டீமர் தெரியாதா? விளக்கு வைத்த பிறகு மொட்டை மாடியில் ஏறி வடக்கே பிடித்தேன். தார் பீப்பாய்க்குள் தலையை விட்டது போல இருந்தது. கடைக்காரன் சிரித்துக்கொண்டு, "பாபு, மடங்கெல்லாம் பகலுக்குத்தான். இருட்டுக்கு முன்கண்ணாடி அகலமா இருக்கணும், அதுதான் வெளிச்சத்தை வாரிக்கொண்டு வரும்" என்று சொல்லி ஏழு மடங்கில் ஒன்று கொடுத்தான். அதிலும் தார்தான். மூன்றாவதாக, கப்பல் காப்டன்கள் வைத்துக்கொள்வது என்று ஒன்று; மடங்கு ஐந்தே ஐந்து, முன்கண்ணாடி மட்டும் காபி டம்ளர் வாய் அகலம், தூக்கினால் தோள்பட்டை இற்றுப்போகிறது. அதிலும் அருந்ததி இல்லை, வசிஷ்டர் இல்லை, ஆகாசமே இல்லை. உன் அக்கா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அம்மாடி, எத்தனை நட்சத்திரம்! அருந்ததி ஜ்வலிக்கறாளே, உங்களுக்குத் தெரியலையா?" என்கிறாள். பெண்களுக்கு எதைச் சொன்னாலும் தெரியும். அடுத்த மாடியில் எங்கள் ஆபீஸ் கோஷ் பாபு காற்று வாங்கிக்கொண்டிருந்தான், கண்ணாடியே இல்லாமல் கையை நீட்டி, "ஓய் தோ! ஓய் தோ அருந்ததி!" என்று கத்தினான்; 'அதோ, அதோ' என்று அவன் பாஷையில் அர்த்தம். ஊரெல்லாம் கரியடுப்பு மூட்டிய புகைக்கு நடுவே அவனுக்கு மட்டும் தெரிந்ததாம். மீன் தின்கிற கண்ணுக்கு எதுதான் தெரியாது?

அருந்ததி கண்ணில் படாதவன் ஆறு மாதம் தாண்டமாட்டான் என்று நம்மவர்கள் சொல்வதை நீ எனக்கு ஞாபகப்படுத்தவேண்டாம். ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறது. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், கோளாறு கண்ணாடியில்தான்.

போன வெள்ளிக்கிழமை அந்திக்குத் துரை என்னை ஜெட்டியில் நிறுத்தினான். வேறு வழியில்லாமல் அந்த டம்ளர் வாய்த் துர்பீனைப் பிடித்தேன். "என்ன வருகிறது, பாபு?" என்றான். "ஒன்றும் வரவில்லை துரை, ஆறு காலி" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, என் மூக்குக்கு நேரே ஒரு ஸ்டீமர் சங்கு ஊதிற்று பார், தலைப்பாகை கழன்று விழுந்துவிட்டது. துரை துர்பீனை வாங்கிப் பார்த்து ஸ்டீமரின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தான். பிறகு என்னைத் தட்டிக்கொடுத்து, "அருமையான கண்ணாடி பாபு, உன்னைப்போல் யாரும் தேர்ந்தெடுக்க முடியாது" என்று சொல்லி, அதைக் கோஷ் பாபுவின் கழுத்தில் மாட்டினான். நாற்காலியும் அவனுக்கே. நான் தேடி எடுத்த துர்பீன், நான் பதினெட்டு வருஷம் காத்திருந்த நாற்காலி. வயிறு எரிகிறதடா! போதாக்குறைக்கு அந்தக் கோஷ் பாபு டிராம் வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான், நான் என்னவோ பச்சைக் குழந்தை மாதிரி. இந்த ஊரில் அஸ்தமனமே ஒழுங்காக இல்லை. ராஜிநாமா எழுதி இதோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்; படித்துப் பார்த்து இங்கிலீஷைத் திருத்தி அனுப்பு. அங்கே எனக்கு ஓர் இடமும் பார்.

நீ சகல சம்பத்தோடும், பிறத்தியாருக்கு யோசனை சொல்லுகிற புத்தி நீங்கியும், தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்

பி.கு.: வெங்கடசுப்பு, உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டாமல் கடிதத்தைப் பிரித்து அக்கா சாவித்ரி எழுதுகிறேன். மூன்று கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். உன் அத்திம்பேருக்கு மாலைக்கண். ஒரு வருஷமாக நான் படியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே முன்னால் இறங்குகிறேன், அவர் பின்னால் வருகிறார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. கல்யாணத்தில் அவர் அருந்ததி காட்டினது மத்தியானம் இரண்டு மணிக்கு. ஆகாசத்தில் ஒரு காக்கை இருந்தது, பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ராஜிநாமாவை அடுப்பில் போட்டாயிற்று. கோஷ் பாபு சம்சாரம் தன் டாக்டரைக் கேட்டு மீனெண்ணெய் வாங்கித் தந்தாள். அதைச் சுக்கும் வெல்லமும் சேர்த்து, நாற்றத்துக்குப் பெருங்காயம் போட்டுக் கிளறி, நாட்டு லேகியம் என்று சொல்லி ஒரு வாரமாகக் கொடுக்கிறேன். பாபமெல்லாம் என் தலையில் வரட்டும், நீ வாயைத் திறக்காதே. கண்ணாடிதான் மோசம் என்றே அவருக்குப் பதில் எழுது. நேற்று அந்தி மங்கி, நான் விளக்கு வைக்கப் போகும்போது, "சாவித்ரி, உனக்கு எப்போ இத்தனை நரைச்சுது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நரைக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வெகு நேரம் சமாதானம் சொன்னார்.