குளிருக்காகப் போன துக்கம்

மெஹிகாலி,
ஜூலை 19.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ஆம்பாரோவுக்கு, தம்பி ஃபிதென்சியோ வணங்கி எழுதிக்கொள்வது. தொலூக்காவில் நீயும் அத்தானும் கம்பளிக்குள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்கள் வெந்துகொண்டிருக்கிறோம்.

பத்து நாளாக நாற்பத்தொன்பது டிகிரி. போன செவ்வாய்க்கிழமை ஏசி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "உங்களுக்கு முன்னாடி எழுபது வீடு இருக்கு ஐயா"ங்கறான். நானும் எல்விராவும் ஏசி ஓடற பாங்குக்குப் போய் டோக்கன் எடுத்துட்டு உக்காந்தோம். எங்க நம்பர் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு இன்னொண்ணு எடுப்போம். மூணாம் நாள் காவலாளி வந்து, "பணம் போடறீங்களா, எடுக்கறீங்களா?"ன்னான். "மூச்சு விடறோம்"னா உன் தம்பி பொண்டாட்டி. வெளியே அனுப்பிட்டான்.

எதிர்ல துக்க மண்டபம். கதவைத் திறந்ததும் அடிச்ச குளிர்ல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அதைப் பாத்து யாரோ கட்டிப்பிடிச்சு அழுதாங்க. பெட்டியில இருந்தவர் பேரு குமெர்சிந்தோவாம். காபியும் இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டு மூணு மணி நேரம் உக்காந்தோம். அவர் மனைவி ஒப்துலியா அம்மா வந்து, "இவ்வளவு நேரம் இருந்தீங்களே, அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க"ன்னு என் கையைப் பிடிச்சுட்டாங்க. எழுந்தேன். "குமெர்சிந்தோ இருக்கற இடத்துல மனசு குளிரும்"னேன். கூட்டமே விசும்புச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு அக்கா. செத்த மனுஷன் முன்னாடி அதுக்கு மேல பொய் வரல. "மன்னிச்சிடுங்கம்மா, எங்க வீட்டு ஏசி போயிடுச்சு. உங்க வீட்டுக்காரரை இன்னிக்குத்தான் பாக்கறேன்"னு சொல்லிட்டேன்.

அந்தம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாரு, கறுப்பு முக்காடு நழுவற அளவுக்கு. "அவரும் கோடை முழுக்க இப்படித்தான், தெரியாத சாவுக்கெல்லாம் போய் உக்காந்துப்பார். அதோ கடைசி வரிசை, அதுல ஒருத்தரைக்கூட எங்களுக்குத் தெரியாது"ன்னாங்க. கடைசி வரிசை மொத்தமும் தலையைக் குனிஞ்சுது. "பெட்டி தூக்க ஆள் பத்தல. எல்லாரும் எழுந்து வாங்க!"ன்னாங்க அந்தம்மா.

நடு மத்தியானம், கொளுத்தற வெயில்ல தூக்கினோம் அக்கா. கனமான மனுஷன். ஆனாலும் ஒருத்தரும் முணுமுணுக்கல.

போதும் இந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு வருகிறோம். மாடி அறையைத் துடைத்து வை. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

உன் தம்பி,
ஃபிதென்சியோ

பின்குறிப்பு: அறை வேண்டாம். உறையை ஒட்டும்போது எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து பதினோரு துளி மழை போட்டது. எண்ணினேன். இப்ப நாற்பத்தொரு டிகிரிதான்! தெருவே வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கு. எல்விரா சால்வையைத் தேடறா. இப்படி ஒரு குளுகுளு ஊரை விட்டுட்டு யாராவது வருவாங்களா? நீங்க கிளம்பி வாங்க.