வெள்ளம் கேட்ட டிரம் அண்ணாச்சி

மும்பையில் எல்லோரும் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, எனக்கு வெள்ளம் வேண்டும் என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் டிரம் அண்ணாச்சிதான்.

தாராவியில் எங்கள் சந்து முனையில், பாதியாக அறுத்த நீல டிரம்களில் மண் நிரப்பி நெல் நாற்று வளர்த்தார். திருநெல்வேலிப் பக்கம் ஆற்றோரத்தில் அவர் தம்பிக்குக் கொஞ்சம் வயல் உண்டு. போன பிசானப் பருவத்தில் நட்டதெல்லாம் வெள்ளத்தில் அழுகிவிட்டது. இன்னொரு தடவை போனால் வயலை விற்றுவிடுவேன் என்று தம்பி சொல்லிவிட்டார். மூழ்கினாலும் பிழைக்கும் என்று விவசாய ஆபீஸில் ஒரு விதை கொடுத்தார்கள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதில் ஒரு பிடிதான் இந்த டிரம்களில் முளைத்திருந்தது.

"அங்க மழை ஐப்பசியிலதான். இங்க ஆடியிலயே ஊத்துதுல்லா? நான் முக்கிப் பாத்துச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

மழை வந்தது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை நாங்கள் வாளியால் இறைக்க, அவர் வாசல் வாசலாக நின்றார்.

"யக்கா, வெளிய கொட்டாதீய. என் டிரம்ல ஊத்துங்க."

"குழாய்த் தண்ணி பத்தாதா அண்ணாச்சி?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா.

"ஆறு குழாய் வழியாவா வருது? சேறு வேணும்க்கா!"

என் வாளியை எட்டிப் பார்த்து, "இது ரொம்பத் தெளிவா இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் சந்துக்கு மனம் பொறுக்கவில்லை. செல்வியக்காவும், நாங்கள் பாபி என்று கூப்பிடும் எதிர்வீட்டு இந்திக்கார அண்ணியும் டிரம்களைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, மேலே தார்ப்பாயும் கட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்த அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"மூச்சு முட்டிச் செத்துருமே அண்ணாச்சி!" என்றாள் செல்வியக்கா.

"சாவுதா இல்லையான்னு பாக்கத்தானக்கா முக்குனேன்!"

"அரே அண்ணா, பேச்சாரா!" பாவமாம்; பாபி பயிருக்காகப் பரிந்தாள்.

சுவரோர டிரம் ஒன்றுதான் தப்பியது. அண்ணாச்சி லீவு போட்டுக் காவல் இருந்தார். யாராவது கருணையோடு நெருங்கினால் குடையை நீட்டி விரட்டினார்.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் தண்ணீரை வடித்தார். உள்ளே நாற்றைக் காணோம், அழுகிக் கறுத்த கூழ்தான் இருந்தது. சரியாக அப்போது தம்பியின் போன்.

"அண்ணே, விதைக்கவா, இல்ல வயல விக்க ஆள் பாக்கவா?"

"பொறுல."

தினமும் அதே கேள்வி, அதே பதில். சந்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் கூழுக்கு நடுவே ஊசிமுனைபோல ஒரு பச்சை தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் டிரம் முழுக்க! செல்வியக்கா குலவை போட்டாள். பாபி ஆளுக்கொரு பிடி சர்க்கரையை வாயில் திணித்தாள். போன் அடித்தது. அண்ணாச்சி அழுதுகொண்டே அதை என் கையில் கொடுத்தார். நான் வீட்டிலேயே அதிகம் பேசாதவன்.

"பொழச்சிட்டு! எல்லாம் பொழச்சிட்டு! விதைங்க!"

அவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருந்ததே, அந்த மனுஷனுக்காகக் கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது.